மடித்துக் கட்டிய கைலியும் தெருவின் கேள்விகளும்

(திருவனந்தபுரத்தில் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை. நேரமின்மையால் விட்டுப்போன சில செய்திகளையும் சேர்த்து எழுதித் தந்திருக்கிறேன்.)



இன்றைய கூட்டத்துக்கு நான் கொடுத்த தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "ரேஷன் அட்டைக்கு அலைகிறோம், பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர வாத்தியார் கிடைக்கவில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு இடுப்புத் துணியைப் பற்றியா பேசப் போகிறீர்?" நியாயமான கேள்விதான். ஆனால் ரேஷன் அட்டைக்குப் போய் வரிசையில் நின்றால், அட்டையைப் பற்றிய கேள்வி வருவதற்கு முன்னால் இடுப்புத் துணியைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது?

நடந்ததைச் சொல்கிறேன். சென்ற மழைக்காலத்தில் சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் நம் தோழர் ஒருவரோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். விடிகாலையிலிருந்து அரிசி மூட்டை இறக்கிவிட்டு அப்படியே வந்தவர் அவர். கட்டம் போட்ட கைலி, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர், அலுவலர்கூட அல்ல, நம்மைப்போல் மனுக் கொடுக்க வந்தவர், "மடக்கிக்குத்து அழிக்கெடா" என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், பாண்டிக்கு எங்கே மரியாதை தெரியப் போகிறது என்று சிரித்தார். அதே வரிசையில் வெள்ளை முண்டை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நம் தோழர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்தேன்? "இறக்கி விட்டுரு தம்பி" என்றேன். இறக்கி விட்டார். நனைந்த கைலி தரையில் புரண்டது. வேலை முடிந்தது, மனுவும் வாங்கிக்கொண்டார்கள். கிழக்கேக்கோட்டை வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாய் திறந்தார்: "அவன் சொன்னதை விடுங்க அண்ணாச்சி. நீங்களும் சொன்னீங்களே."

அன்றிலிருந்து யோசித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

மடித்துக் கட்டுவது என்றால் என்ன? வேலைக்கு வசதி. சேறு படாது, படி ஏறலாம், சைக்கிள் மிதிக்கலாம். மலையாளியும் மடித்துத்தான் கட்டுகிறான், நாமும் மடித்துத்தான் கட்டுகிறோம். பெரியவர் எதிரே வந்தால் இறக்கி விடுவது இரண்டு ஊரிலும் உண்டு. இது மரியாதை, பண்பாடு என்று சொல்லி விட்டுவிடலாம். ஆனால் யார் யாருக்கு இறக்கிவிட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். அப்பனுக்கும் ஆசிரியருக்கும் இறக்கிவிடுவது ஒரு கதை. பண்ணையாருக்குக் கூலியாள் இறக்கிவிடுவது வேறு கதை. நம் ஊர்ப்பக்கத்திலேயே தோளில் கிடக்கும் துண்டு, மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் இடுப்புக்கோ கக்கத்துக்கோ இறங்க வேண்டும் என்று இருந்ததை உங்களில் வயதானவர்கள் அறிவீர்கள். சுயமரியாதை இயக்கத்துக்காரர்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தது அழகுக்காகவா? இறங்கு என்றவனுக்கு இறங்கமாட்டேன் என்று பதில் சொல்வதற்காக.

இந்தத் திருவிதாங்கூரில் கதை இன்னும் கொடியது. ஒடுக்கப்பட்ட சாதியார் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது என்று விதித்திருந்த நாடு இது. தோள்சீலைப் போராட்டம் நம் கன்னியாகுமரிப் பக்கத்துப் பெண்கள் நடத்தியது. 1829-ல் அரசாணை போட்டு மறுத்தார்கள். 1858-ல் கலவரம் மூண்டது. சென்னை ஆளுநர் டிரெவெலியனின் நெருக்குதலும் சேர்ந்து, 1859-ல் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப்போல அணியக்கூடாது என்று ஓர் உத்தரவு வந்தது. கொடுப்பதிலும் ஒரு கஞ்சத்தனம் பார்த்தீர்களா! இந்த வரலாற்றை ஒன்பதாம் வகுப்புப் பாடநூலிலிருந்து 2019-ல் என்.சி.இ.ஆர்.டி. எடுத்துவிட்டது. ஆகவே பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லித் தரவேண்டும்.

ஆண்களின் உடைக்கு இந்த நகரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய கதை இருக்கிறது. கோவளத்துக்கு அருகே வெங்ஙானூரில் பிறந்தவர் அய்யன்காளி. புலையர் வகுப்பு. பொதுச் சாலையில் நடக்கவே உரிமை இல்லாதவர். 1893-ல் ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கினார். வெள்ளை முண்டு கட்டி, மேல்முண்டு போட்டு, தலைப்பாகை வைத்துக்கொண்டு, தடை செய்யப்பட்ட சாலையிலேயே வண்டியை விட்டார். வழியில் மறித்தவர்கள் என்ன கேட்டிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கேள்வியின் பேரப்பிள்ளைதான் அன்று வரிசையில் நம் தோழரிடம் கேட்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்துப் பாலராமபுரம் சாலியர் தெருவழியே அய்யன்காளியும் அவருடைய ஆட்களும் போனபோது தாக்கப்பட்டார்கள். அவர்களும் திருப்பி நின்றார்கள். வெள்ளையம்பலம் சந்திப்பில் 1980-ல் இந்திரா காந்தி திறந்துவைத்த சிலையை நாம் தினமும் பஸ்ஸில் கடந்து போகிறோம். தலைப்பாகையும் கோட்டுமாக நிற்கிறார். அடுத்த முறை போகும்போது அந்தத் தலைப்பாகையைக் கொஞ்சம் நேரம் பாருங்கள்.

பாலராமபுரம் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். கசவு முண்டு, ஓணப்புடவை என்று மலையாள நாடு பெருமையோடு உடுத்துகிறதே, அதில் பெயர்பெற்ற கைத்தறி பாலராமபுரம் தறி. புவிசார் குறியீடுகூடப் பெற்றது. அந்தத் தறியை அங்கே கொண்டுவந்து நாட்டியவர்கள் யார்? பாலராமவர்மா மன்னர் காலத்தில், அதாவது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெல்லை, நாஞ்சில் பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் நெசவாளர்கள். நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள். இதை மார்தட்டிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. "உங்கள் முண்டு நாங்கள் நெய்தது" என்று தெருவில் சண்டைக்குப் போனால் அது இன்னொரு அசட்டுத்தனம். வேட்டியும் முண்டும் ஒரே தறியின் துணி என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

உடைக்குத் தடை போடுவது நம் நாட்டுப் பழக்கம் மட்டும் அல்ல. ஸ்காட்லாந்தில் மலைநாட்டு ஆண்கள் கில்ட் என்று ஒன்று கட்டுவார்கள். கட்டம் போட்ட கம்பளித் துணி, முழங்கால்வரை, பின்பக்கம் மடிப்பு மடிப்பாக. பார்க்கப்போனால் மடித்துக் கட்டிய கைலிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்த மக்கள் கிளர்ச்சி செய்து தோற்றபின், 1746-ல் லண்டன் பாராளுமன்றம் சட்டம் போட்டு அந்த உடையைத் தடை செய்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். ஆனால் வெள்ளைக்கார ராணுவத்தில் சேர்ந்தால் மட்டும் அதே கில்டைக் கட்டலாம்! 1782-ல் தடை நீங்கியது. 1822-ல் அதே லண்டன் அரசன் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்குப் போனபோது கில்ட் கட்டிக்கொண்டு நின்றான். குற்றவாளியின் துணி நாற்பது ஆண்டுகளில் ராஜாவின் துணி ஆயிற்று. இன்றைக்கும் கில்ட் கட்டித் தெருவில் போகிறவனை, உள்ளே என்ன உடுத்தியிருக்கிறாய் என்று ஊர் பேர் தெரியாதவர்கள் கேட்டுச் சிரிப்பார்களாம். அவனுக்கும் பதில் சொல்லி அலுத்துப்போயிருக்கும்.

நம் தமிழ்நாட்டிலேயே என்ன நடந்தது? 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டுக்குப் போன உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன், வேட்டி கட்டியிருந்ததால் வாசலிலேயே நிறுத்தப்பட்டார். மதுரையில் 1921-ல் காந்தி அரையாடைக்கு மாறிய நாட்டில், 1966-ல் காமராசர் வேட்டி சட்டையிலேயே சோவியத் நாட்டுக்குப் போய்வந்த பிறகு, வெள்ளைக்காரன் விட்டுப்போன விதியைத் தமிழன் தமிழனுக்குக் காட்டினான். சட்டமன்றம் கொதித்தது. ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது. வேட்டியையோ பிற இந்திய மரபு உடையையோ காரணம் காட்டி உள்ளே விட மறுத்தால் ஓராண்டுச் சிறை, 25,000 ரூபாய் அபராதம், கிளப்பின் உரிமம் ரத்து. நல்லது, வரவேற்கிறேன். ஆனால் நீதிபதியை நிறுத்தியதால் ஒரு மாதத்தில் சட்டம் வந்தது. கைலி கட்டிய கூலியாளை எத்தனை ஆண்டாக எத்தனை வாசலில் நிறுத்தியிருப்பார்கள்? கைலி மரபு உடையா இல்லையா என்று வாயிற்காவலர்தானே அங்கே தீர்ப்புச் சொல்லப் போகிறார்? அந்தச் சட்டமும் களியக்காவிளை தாண்டி நமக்குத் துணைக்கு வராது.

இங்கே பத்மநாபசாமி கோயில் வாசலிலோ எல்லாம் தலைகீழ். பேண்ட் போட்டவரை நிறுத்துகிறார்கள். அவர் முண்டு கட்டிக்கொண்டு, சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒரு வாசலில் வேட்டி இல்லாதவன் வெளியே, இன்னொரு வாசலில் வேட்டி கட்டியவன் வெளியே. துணியில் என்ன இருக்கிறது? வாசல் யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி, தெருவில் ஒருவன் கேட்கிறான், நாம் என்ன செய்வது? இத்தனை ஆண்டு இந்த ஊரில் கடை வைத்திருந்து நான் கற்றதைச் சொல்கிறேன், ஒத்துக்கொள்ளாதவர்கள் பிறகு எழுந்து பேசலாம்.

கேட்கிறவர்களில் பெரும்பாலோர் கெட்டவர்கள் அல்லர். இதை முதலில் மனதில் வையுங்கள். தம்பானூரில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு கல்லூரி மாணவன் என் வேட்டியின் கரையைக் காட்டி, "இது எந்தக் கட்சி மாமா?" என்று கேட்டான். கறுப்பு சிவப்புக் கரை. பதில் சொன்னேன். கரைக்கும் கட்சிக்கும் என்ன தொடர்பு என்று அரை மணி நேரம் பேசினோம். அவன் வீட்டிலும் கட்சிக் கரை முண்டு இருக்கிறதாம். அப்படிப்பட்டவனிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நட்டம் நமக்குத்தான். கேள்வி வருமுன்பே கையை ஓங்குகிற பழக்கம் நம்மில் சில இளைஞர்களுக்கு இருக்கிறது. அடிபட்ட மாடு தடியைப் பார்த்தாலே மிரளும், புரிகிறது. ஆனால் எல்லார் கையிலும் இருப்பது தடி அல்ல.

இரண்டாவது, "பாண்டி" என்ற சொல். நம்மில் படித்தவர்கள் சிலர், "பாண்டியன் நாட்டான் என்றுதானே பொருள், பெருமைதானே" என்று விளக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். இது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. சொல்லின் பொருள் அகராதியில் இல்லை, சொல்கிறவன் வாயில் இருக்கிறது. "அண்ணாச்சி" என்பது நம் ஊரில் அண்ணனை அழைக்கும் அழகான சொல். இங்கே சிலர் வாயில் அதுவே மளிகைக்கடைக்காரன் என்று ஆகிவிடுகிறது. பெருமை என்று பூசி மெழுகவும் வேண்டாம், கையை ஓங்கவும் வேண்டாம். நான் ஒன்று செய்வேன். "எனக்குப் பேர் இருக்கு சேட்டா" என்று சொல்லி என் பெயரைச் சொல்வேன். "உங்க பேர் என்ன?" என்று கேட்பேன். பத்தில் எட்டுப் பேர் பெயரைச் சொல்லிவிடுவார்கள். பெயரைச் சொன்னவன் அடுத்த முறை பாண்டி என்று கூப்பிடுவது அவனுக்கே சிரமம். மீதி இரண்டு பேர் சொல்லமாட்டார்கள். அவர்களோடு அதற்குமேல் பேச ஒன்றுமில்லை, நடையைக் கட்டுங்கள்.

பெண்களுக்கு இது இன்னும் கடினம் என்பதை ஆண்கள் நாம் யோசிப்பதே இல்லை. தலை நிறையப் பூ வைத்தால் ஒரு பேச்சு, மஞ்சள் பூசினால் ஒரு பேச்சு, இரண்டு பக்கமும் மூக்குத்தி என்றால் ஒரு பேச்சு. பூக்கட்டி விற்கும் நம் தாய் ஒருவர், கூடையோடு அதோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பெயரைச் சொல்லவேண்டாம் என்றார். ஒருவர் வந்து, இதென்ன தலையிலே ஒரு தோட்டமே வைத்திருக்கிறாய் என்று கேலி பேசினாராம். "ஓணத்துக்கு உங்க வீட்டு முற்றத்துல போடற அத்தப்பூவும் எங்க தோவாளைப் பூதான் சாரே, எத்தனை முழம் வேணும்?" என்றாராம். அவர் இரண்டு முழம் வாங்கிக்கொண்டு போனாராம்! லண்டன் அரண்மனைக்கு 1931-ல் அரையாடையோடு போய்வந்த காந்தியிடம், ராஜா முன்னால் இது போதுமா என்று கேட்டதற்கு, எங்கள் இருவருக்கும் சேர்த்து ராஜாவே உடுத்தியிருந்தார் என்று சொன்னதாகச் சொல்வார்கள். நம் தாயின் பதில் அதற்குக் குறைந்ததா?

ஆனால் எல்லாருக்கும் நாக்கு அப்படி ஓடாது. ஓடவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சமயோசிதமாகப் பேசத் தெரிந்தவனுக்கு மட்டும்தான் மானம் என்றால் அது என்ன நியாயம்? குடித்தவனிடமும் கூட்டமாக நிற்பவர்களிடமும் பேசாதீர்கள். இரவு நேர பஸ்ஸில் பேசாதீர்கள். ஆனால் ஓர் அலுவலகத்திலோ, கடையிலோ, மண்டபத்திலோ உடையைச் சொல்லி உள்ளே விடவில்லை, மனு வாங்கவில்லை என்றால் அது கேலி அல்ல, உரிமை மறுப்பு. தேதியையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். தனி ஆளாக வாதாடுவதைவிட, சங்கத்தின் கடிதத்தாளில் நான்கு வரி போனால் பலன் உண்டு. நவம்பர் 1, 1956-ல் எல்லைக்கோடு நம்மை இந்தப் பக்கம் விட்டுப்போட்டது. அதற்கு முன்பே சாலைக் கடைத்தெருவில் நம்மவர் கடைகள் இருந்தன. பிறகு வந்தவர்களும் உழைத்து உண்கிறவர்களே. இங்கே நாம் யாரும் விருந்தாளி அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, அப்போது பக்கத்தில் நிற்கிற நம் ஆள் என்ன செய்யவேண்டும்? என் தவறிலிருந்து சொல்கிறேன். இறக்கிவிடு என்று சொல்லக்கூடாது. இறக்குவதும் இறக்காததும் கட்டியவன் முடிவு. நான் அன்று செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. என் வேட்டியையும் மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

இன்னொரு கசப்பான விஷயம். நம்மைப் பாண்டி என்கிறார்கள் என்று வருந்துகிற நாம், அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கட்டடம் கட்டுகிற பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுகிறோம்? எந்த ஊர்க்காரனானாலும் "பங்காளி" என்று மலையாளி சொல்வதை நாமும் கற்றுக்கொண்டோம். அரசாங்கம் "அதிதித் தொழிலாளி" என்று மரியாதையாகப் பெயர் வைத்திருக்கிறது. ஆனால் சாலைத் தெருவில் கழுத்தில் கம்சாத் துண்டு போட்ட ஒரு பையன் தண்ணீர் கேட்டபோது, நம்மவர் கடை ஒன்றில் அவனுக்குக் கிடைத்த பதிலை நான் காதால் கேட்டேன். நமக்கு மேலே இருப்பவன் நம்மீது எறிந்த கல்லைப் பொறுக்கி, நமக்குக் கீழே இருப்பவன்மீது நாம் எறிகிறோம்.

கடைசியாக, நம் சங்கத்துக்கே வருகிறேன். தலைவர் கோபிக்கக்கூடாது. சென்ற பொங்கல் விழா அழைப்பிதழில் அடியில் ஒரு வரி இருந்தது: ஆண்கள் வேட்டி சட்டையில் வரவும். வேட்டி பண்பாடு, கைலி வீட்டுத்துணி என்று நம் நிர்வாகிகள் நினைத்திருக்கலாம். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அன்று மாலை இரண்டு சுமட்டுத் தோழர்கள் வேலை முடிந்து கைலியோடு வந்தார்கள். நம் தொண்டர்கள், இதோ முன்வரிசையில் இருக்கிறார்கள், அவர்களை வாசலில் நிறுத்தி, மாற்றிக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் வரவில்லை. அந்த இரண்டு பேர்தான் அன்று காலையில் நம் விழாவுக்குக் கரும்புக் கட்டுகளை லாரியிலிருந்து கூலி வாங்காமல் இறக்கிக் கொடுத்தவர்கள். நாமும் ஒரு வாசல் வைத்திருந்தோம், நாமும் கிளப்புக்காரர்கள் ஆனோம்.

ஆகவே நான் இரண்டு கோரிக்கை வைக்கிறேன். அந்த வரி இனி எந்த அழைப்பிதழிலும் வரக்கூடாது, இதைத் தீர்மானமாக எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, அந்த இரண்டு தோழர்களுக்கும் சங்கத்தின் பெயரால் வருத்தம் தெரிவித்துக் கடிதம் போகவேண்டும். கடிதத்தை நானே எழுதிவிட்டேன். சென்ற மாதமே செயலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். தலைவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது. கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது.